ஓசிக் கேக்கும் ஜன்னல் அறையும்

கப்பலில் கால் வைத்ததிலிருந்து இறங்கும்வரை சல்லிக்காசு செலவழிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம் எங்கள் வீட்டுக் குளியலறை. என் சபதங்களை நான் வாய்விட்டுச் சொல்ல முடிகிற ஒரே இடம் அதுதான்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைகள். ஊரில் யாருக்கு எந்தத் தேதியில் கல்யாணம், எந்த மண்டபம், மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம், எல்லாம் எனக்கு அத்துப்படி. என் கல்யாண நாள் மட்டும் ஞாபகத்தில் நிற்காது. இது ஒரு தொழில்நோய் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “நோய்னா லீவு போட்டுட்டுப் போய் ஊசி போட்டுக்கோங்க” என்றாள்.

கப்பல் டிக்கெட் அவள் காசு. மூன்று வருடம் துணி தைத்துச் சேர்த்தது. கப்பலுக்குள் ஆகிற செலவு என் காசு. சபதத்துக்குக் காரணம் புரிந்திருக்கும்.

ஏறியதும் எனக்கு, மனைவிக்கு, மகளுக்கு என்று ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அதுதான் அறைச்சாவி, அதுவேதான் பணமும். ஜூஸ் குடித்தாலும் போட்டோ எடுத்தாலும் அட்டையைக் காட்டினால் போதும், கடைசி நாளன்று மொத்தமாகத் தீட்டிவிடுவார்கள். எனக்கா தெரியாது? மூன்று அட்டைகளையும் பறிமுதல் செய்து சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டேன்.

அறை கப்பலின் வயிற்றுக்குள் இருந்தது. இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து நான்தான் பதிவு செய்திருந்தேன். கட்டிலுக்கு எதிரே அழகான திரைச்சீலை. மனைவி ஆசையாக ஓடிப்போய் விலக்கினாள். பின்னால் சுவர்.

“என்னங்க, கடல் எங்க?”

“வெளியில.”

“அது எனக்கும் தெரியும். படுத்துக்கிட்டே கடல் பாக்கணும்னுதானே மூணு வருஷமா மிஷினை மிதிச்சேன்?”

“படுத்தா கண்ணை மூடிக்கத்தானே போற? மூடுற கண்ணுக்கு எதுக்கு ஜன்னல்?”

அவள் என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை போலிருக்கிறது. திரைச்சீலையைப் பழையபடி இழுத்து மூடினாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அட்டைதான் சாவி என்பதை நான் சரியாக யோசிக்கவில்லை. பதிமூன்று வயது மகள் நீச்சல்குளத்திலிருந்து சொட்டச் சொட்ட வந்து நிற்பாள். “அப்பா, கதவு!” ஒன்பது மாடி இறங்கித் திறந்துவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தால், “என்னங்க, கண்ணாடியை மறந்துட்டேன்” என்பாள் மனைவி. லிப்ட்டில் நல்ல கூட்டம். முதல் நாளே முட்டி கழன்றுவிட்டது. சிக்கனம் என்றால் சும்மாவா?

இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டுக் கூடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. பயணத்தின்போது கல்யாண நாள் கொண்டாடும் தம்பதிக்குக் கேக், பழச்சாறு, ஒரு போட்டோ, எல்லாம் இலவசம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பரிமாறுகிற தாடிக்காரரைத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

“தம்பி, இன்னைக்கு எங்களுக்குக் கல்யாண நாள்.”

“அடடே! எத்தனாவது சார்?”

சின்ன எண் சொன்னால் சின்னக் கேக்தானே வரும்? “இருபது” என்றேன்.

மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்குப் பொய் பிடிக்காது. கேக் வந்தபின் காலை மிதித்துச் சமாளிக்கலாம் என்று திட்டம்.

ராத்திரிச் சாப்பாட்டில் விளக்கை அணைத்தார்கள். தாடிக்காரர் முன்னால் கேக்கோடு வர, பின்னால் எட்டுப் பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். கேக்கில் ‘இருபதாம் ஆண்டு’ என்று எழுதியிருந்தது. நான் மேஜைக்கடியில் மனைவியின் காலை மிதித்தேன். “ஐயோ அப்பா!” என்று மகள் கத்தினாள்.

மனைவி கேக்கைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கேக்கைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

“நீங்களா சொன்னீங்க? நீங்களா வாயைத் திறந்து, நமக்குக் கல்யாண நாள்னு?”

“ஆ... ஆமா.”

“இருபதுன்னு கூடவா?”

என் பொய்க்கு எதற்கு இவளுக்கு இவ்வளவு சந்தோஷமான அழுகை? ஒருவேளை... ஐயையோ. நிஜமாகவே இன்றைக்குத்தானா? கல்யாணமான அன்று வெயிலா மழையா என்று யோசித்தேன். எனக்கு வேர்த்தது மட்டும் ஞாபகம் வந்தது. அது எந்த மாதமானாலும் வேர்த்திருக்கும்.

மகளின் காதில் கேட்டேன். “குட்டி, அம்மா அப்பா கல்யாண நாள் என்னிக்கு?”

“என்னைத்தான் அந்தக் கல்யாணத்துக்கு நீங்க கூப்பிடவே இல்லையே!” என்று வாய் நிறையக் கேக்கை அடைத்துக்கொண்டாள்.

இதற்குள் தாடிக்காரர் மைக்கை நீட்டிவிட்டார். “சார், ரெண்டு வார்த்தை!” முன்னூறு பேர் பார்க்கிறார்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன். “நான் பிழை திருத்துற ஆளுங்க. எதைப் பாத்தாலும் தப்பு கண்ணுக்குத் தெரியும். இருபது வருஷமா தினமும் இவளைப் பாக்கறேன். ஒரு பிழைகூடத் தெரியல.”

நடிப்பதற்காகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் உடைந்தது. யோசித்துப் பார்த்தால் அது உண்மையாக வேறு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருமுறைகூட நான் அதைச் சொன்னதில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும், உக்காருங்க” என்றாள். அப்புறம் மேஜைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

மறந்தவன் நான். மறக்காதவன் என்று கொண்டாடுகிறாள் அவள். அறைக்குப் போனதும் அந்தத் திரைச்சீலை என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுநாள் விடிந்ததும் சபதத்தைத் தூக்கிக் கடலில் போட்டேன். சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி அட்டைகளை அவரவரிடம் கொடுத்தேன்.

“என்ன வேணுமோ வாங்கிக்கோ. ஜன்னல் அறைக்கும் மாறிடலாம்.”

“ஐயோ, செலவாகுமேங்க!”

“ஆகட்டும். இருபது வருஷம் சும்மாவா?”

அன்று முழுக்க அவள் காகிதம் காகிதமாகக் கொண்டுவந்தாள். இது அறை மாற்றத்துக்கு, இது போட்டோவுக்கு, “இங்க ஒரு கையெழுத்துங்க, அங்க ஒண்ணு.” குற்றவுணர்ச்சியில் இருப்பவன் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவான்? போட்டுத் தள்ளினேன். போட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தேன்.

“கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்வாங்க. நம்ம கப்பல் நல்லாத்தானே போகுது? கையை எடுங்க” என்றாள்.

புது அறையில் கட்டிலை ஒட்டி ஜன்னல். மறுநாள் விடியற்காலையில் என்னை எழுப்பினாள். வெளியே வேறெதுவும் இல்லை, கடல் மட்டும்தான். மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் படுத்தபடியே பார்த்தோம். அவள் என் தோளில் தலை வைத்து, “கண்ணை மூடாதீங்க” என்றாள். நான் மூடவில்லை. அந்த ஜன்னலுக்கு என்ன கொடுத்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றியது, சத்தியமாக.

கடைசி நாள் தீட்டிய பில்லைக்கூடப் படிக்காமல் கட்டிவிட்டு, ஊர் திரும்பி வேலைக்குப் போனேன். யாரோ பழைய மாதிரியில் பத்திரிகை வேண்டும் என்று கேட்க, மாதிரிக் கோப்பைப் புரட்டினேன். எங்கள் அச்சகத்தில் அடித்த எல்லாப் பத்திரிகையிலும் ஒன்று அதில் இருக்கும். நடுவில் என் பெயர், பக்கத்தில் அவள் பெயர், கீழே தேதி.

வருடக் கணக்கு இருபது சரிதான். ஆனால் கல்யாண நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, நம்ம கல்யாண நாள் வரவே இல்லையே!”

“ஆமா.”

“அப்ப கப்பல்ல இன்னைக்குத்தான்னு சொன்னியே?”

“நான் எங்க சொன்னேன்? சொன்னது நீங்க.”

“எனக்கும் தெரியும்பா” என்றாள் மகள் உள்ளேயிருந்து. “வாய்ல கேக் இருந்துச்சு. பேச முடியல.”

“அப்ப நீ அழுதது?”

அவள் மிஷினை நிறுத்தினாள். “அது நெசம்தாங்க. ஓசிக் கேக்குக்காகன்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. ஆனா இத்தனை வருஷத்துல கல்யாண நாள்ங்கற வார்த்தை உங்க வாய்ல வந்தது அன்னைக்குத்தான். அழுகை வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?”

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இந்தத் தடவை நிஜமான நாளை மறக்க மாட்டேன். நீ வேணா பாரு. அன்னைக்கு எங்க போகலாம்னு சொல்லு.”

“சொல்றதுக்கு என்ன இருக்கு? அதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே!”

“நானா?”

“கப்பல்ல இருக்கும்போதே அடுத்த பயணத்துக்குப் பதிஞ்சா பாதி விலையாம். உங்களுக்குச் சிக்கனம்னா உயிராச்சேன்னு பதிஞ்சுட்டேன். உங்க அட்டையிலதான்.”

மிஷின் மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பழக்க தோஷம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி படித்தேன். எங்கள் கல்யாணத் தேதி, ஜன்னல் அறை, கீழே என் கையெழுத்து. ஒரு பிழைகூடத் தெரியவில்லை.