முதுகுக்கு விடுமுறை

பீரோவைத் தொடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குமாஸ்தா சபதம் செய்தார். மறுநாள் மாமியார் வருகிறார். கட்டில் போட இடம் வேண்டும். அதனால் கீழறையில் நிற்கும் இரும்பு பீரோ மாடிக்குப் போகவேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. அலுவலகத்தில் பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத மனிதர், பாவம், என்ன செய்வார்?

மனைவி உயிரியல் டீச்சர். பள்ளிக்கூடத்துப் படம் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. பாதி எலும்பு, பாதி தசை. தலை வாருகிற சாக்கில் குமாஸ்தா அதை மேய்ந்தார். இருநூற்று ஆறு எலும்பு இருக்கிறதே, ஆபத்துக்கு ஒன்றுகூடவா உதவாது?

"ஐயோ!" என்று கட்டிலில் சாய்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. பீரோ பக்கமே போக முடியாது போலிருக்கு."

"இப்ப பீரோவைப் பத்தி யாரும் பேசலையே! எங்க, கையை மடக்குங்க. வலிக்குதா?"

"உயிர் போகுது."

"நீட்டுங்க."

"போன உயிர் திரும்பி வந்து மறுபடியும் போகுது."

"அதெப்படி? மடக்கும்போது முன்பக்கத் தசை சுருங்கும், பின்பக்கத் தசை தளரும். நீட்டும்போது தலைகீழா நடக்கும். ரெண்டும் ஒரே நாள்ல கெட்டுப்போச்சா?"

இதைப் படத்தில் போடவில்லையே என்று குமாஸ்தாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப தசை இல்லம்மா. எலும்பு."

"எந்த எலும்பு?"

"காறை எலும்பு."

"அது கழுத்துக்குக் கீழ இருக்கு. நீங்க புடிச்சிக்கிட்டிருக்கிறது முழங்கால்."

"வலி இறங்கிடுச்சு போல."

"எலும்புன்னா கவலையே வேண்டாம். பாரம் தாங்கத் தாங்கத்தான் எலும்பு கெட்டிப்படும். பீரோ தூக்கினா சரியாயிடும்."

"தசைதான்! இப்பத்தான் தெளிவாத் தெரியுது. சுத்தமான தசை!"

எது மடங்கினால் எது வலிக்க வேண்டும் என்று அவருக்கே மறந்துவிட்டது. டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"சரி, படுத்திருங்க. எல்லாம் மூலையில கிடக்கிற அந்தச் சாய்வு நாற்காலியால வந்த வினை. கூன் போட்டு உக்காந்தா முதுகெலும்பு என்னத்துக்கு ஆகும்? அதை இன்னைக்கே பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடறேன்."

குமாஸ்தாவுக்கு நெஞ்சு திக்கென்றது. இது மட்டும் நடிப்பில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னபடி கேட்கும் ஒரே ஜீவன் அந்த நாற்காலி. சாய் என்றால் சாயும், எதிர்த்துப் பேசாது.

"அது... அது என்ன பாவம் பண்ணுச்சு?"

வாசல் மணி அடித்தது.

"அவர்தான் வந்துட்டார் போல," என்று டீச்சர் எழுந்து போனாள்.

அவ்வளவுதான். குமாஸ்தா கட்டிலிலிருந்து துள்ளினார். நாற்காலியை ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கினார். மாடிப்படியில் தடதடவென்று ஏறினார். எந்தத் தசை சுருங்கியது, எந்தத் தசை தளர்ந்தது என்று பார்க்க நேரமில்லை. மாடியறையில் நாற்காலியை வைத்துக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெற்றிவீரராக இறங்கி வந்தார்.

வாசலில் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"நாற்காலியெல்லாம் விக்கிறதா இல்லை!" என்றார் குமாஸ்தா.

"எந்த நாற்காலி?" டிரைவர் விழித்தார். "பீரோ தூக்க ஒரு கை குடுங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதான் வந்தேன்."

குமாஸ்தா மனைவியைப் பார்த்தார். மனைவி நாற்காலி இருந்த காலி மூலையைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு. அம்மா கட்டிலுக்கு அதுவும் இடைஞ்சலாத்தான் இருந்துச்சு. மேல ஏத்தச் சொன்னா நீங்க கேக்கவா போறீங்க?"

"அப்ப பழைய சாமான்காரர்?"

"ஞாயித்துக்கிழமையில அவர் எங்கங்க வர்றார்? அந்தச் சாவியை இப்படிக் குடுங்க." சாவியை வாங்கிக்கொண்டு பீரோவைக் காட்டினாள். "அந்தப் பக்கம் அண்ணன் புடிப்பார். இந்தப் பக்கத்துக்குத்தான் நல்ல தோள்பட்டையா ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன்."