நாலாம் பக்கத்துப் புதையல்

நோட்டின் நாலாம் பக்கத்தில் புதையல் கிடைத்தது. அதனால்தான் காண்ட்ராக்டர் சேவுகப்பெருமாள், கூலியாள் வீரணனின் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, அது கதை. நூலகத்துல போட்டி வச்சிருக்காக. அதுக்கு எழுதுறேன்."

"கதையா?" ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நோட்டைப் படித்தார். "'பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தான் கூலியாள் முத்தையன். சுவருக்குள் ஒரு செம்பு. செம்பு நிறையத் தங்கக் காசு.' இப்ப நாம என்னடா பண்ணிக்கிட்டிருக்கோம்?"

"பழைய வீட்டை இடிக்கிறோம்."

"உன் கையில என்ன?"

வீரணன் கடப்பாரையைக் கீழே வைத்தான்.

கோட்டையூரில் அந்த வீட்டுக்குப் பதினோரு பங்காளிகள். தேக்குத் தூண்களையும் கதவுகளையும் விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இடிபாடு காண்ட்ராக்டருக்கு என்று பேச்சு. இடிபாட்டில் செம்பும் சேரும் என்பது சேவுகப்பெருமாள் கணக்கு.

"கடைசியப் படிங்க மொதலாளி. முத்தையன் காசை வீட்டுக்காரர்கிட்டயே குடுத்துட்டுப் பசியோட படுத்துக்கிறான்."

"அதான் இடிக்குது. தினக்கூலிக்காரன் எவன் குடுப்பான்? எடுத்து வச்சிருக்கிறவந்தான் இப்படி எழுதுவான். சனிக்கிழமைக்குள்ள செம்பு வரணும். இல்லேன்னா வேலையும் கெடையாது, நேரா ஸ்டேஷனுக்குத்தான்."

வீட்டில் மூன்று பிள்ளைகள். வேலை போனால் அடுப்பு எரியாது. தேநீர் நேரத்தில் வீரணன் நோட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையில் துணியைச் சும்மாடாகச் சுருட்டி வைத்து, கூடையில் செங்கல் சல்லி சுமக்கும் காளீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த முத்தையன் ஏன் திருப்பிக் குடுத்தான்?"

"நேர்மையானவன்."

"பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"அவளுக்குத் தெரியாது."

"அதான் ஆரும் நம்பல. காசோட ஊரை விட்டு ஓடிட்டான்னு எழுதுங்க. எடுத்தவன் ஓடிருப்பான். நீங்க இங்குட்டே இருக்கீக. காண்ட்ராக்டருக்கு வெளங்கிரும்ல?"

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் கதையில் முத்தையன் கோயம்புத்தூருக்கு ஓடினான். ஓட்டல் வைத்தான். பழைய கூட்டாளிகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சேவுகப்பெருமாள் இரண்டு தடவை படித்தார்.

"உன் மச்சினன் எங்க இருக்கான்?"

"கோயம்புத்தூர்ல."

"என்ன வேலை?"

"ஓட்டல்ல பரோட்டா போடுறாரு."

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டர் வாசலில் நின்று எல்லோர் பையையும் உதறிப் பார்த்தார். உடன் வேலை பார்க்கும் பெத்தன், வெற்றிலைப் பொட்டலம்கூடப் பிரிக்கப்பட்டதில் வெறுத்துப்போனான்.

"யோவ் வீரணா, உன் கதையில ஒரு நல்ல பயலும் வரமாட்டானா?"

"மொதல்ல நல்லவனாத்தான்யா இருந்தான்."

காளீஸ்வரி வெகுநேரம் யோசித்தாள். "அவனுக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்குன்னு வைங்கண்ணே. செம்பைப் பாத்தான். நடுங்கிப்போயி திரும்பச் சுவத்துக்குள்ளயே வச்சுப் பூசிட்டான். எடுக்காதவன் மேல என்ன குத்தம்?"

வீரணன் அப்படியே எழுதினான். வியாழக்கிழமை காலை அதைப் படித்த சேவுகப்பெருமாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தச் சுவர்?"

"அதை நான் எழுதலையே மொதலாளி."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேறு யாரையும் சுவர்ப்பக்கம் விடவில்லை. தானே கடப்பாரை போட்டார். முதலில் முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவர், பிறகு அடுப்படி, பிறகு ஆணி இருந்த சுவர். ஆண்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, காண்ட்ராக்டர் ஒருவர் உழைப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்கள். அவர் இடித்துப் போட்டதைக் காளீஸ்வரிதான் கூடை கூடையாக டிராக்டருக்குச் சுமந்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு தரைமட்டம். செம்பு இல்லை. சேவுகப்பெருமாள் கொப்புளம் உடைந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டு செங்கல் குவியலில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, ஒருக்கா குடுக்கிறான், ஒருக்கா ஓடுறான், ஒருக்கா பூசிட்டுப் போறான். நெசத்துல அவன் என்னதான் பண்ணுவான்?"

"தெரியல மொதலாளி. எனக்கு ஒருக்காலும் கெடச்சதில்லையே."

அவர் வீரணனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"திங்கக்கெழம செக்காலையில இன்னொரு வீடு இடிக்கணும், வந்துரு. நோட்டு வரக் கூடாது."

அவருடைய புல்லட் சத்தம் ஓய்ந்ததும் வீரணன் நோட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டான்.

"போதும் காளீசு. ஏழை கைக்குப் பொன்னு கெடைக்கிற கதையே இனி எழுத மாட்டேன். எழுதினா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்."

கடைசிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த காளீஸ்வரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"எழுதுங்கண்ணே. நீங்க எழுதினதாலதான், எஞ் சும்மாட்டை ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கல."