எதிர்வீட்டு மெத்தையில் இறங்கிய பேனல்

"சத்தியமா சொல்றேன்! எங்க சோலார் பேனல் தன்னால கிளம்பி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மொட்டைமாடியில காயப்போட்ட மெத்தையில போய்ப் படுத்துச்சு. ஒரு கீறல் கிடையாது!"

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் இப்படிச் சொன்னதும் முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு கடையே சிரித்தது. ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தியதாகப் போன மாதம் சொன்னவர்தானே?

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எதிர்வீட்டு டெய்லரும் நம்பவில்லையே! அதுதான் மாஸ்டரின் நெஞ்சை அறுத்தது. தினமும் சாயங்காலம் கேரம் ஆடிய கூட்டாளி, இப்போது இவரைக் கண்டாலே ஜன்னலைச் சாத்துகிறார்.

பேனலை எப்படி நிறுத்துவது என்பதில்தான் வினை ஆரம்பித்தது.

"தளத்துல துளை போட்டு போல்ட்டு முடுக்கிட்டா புயலுக்கும் அசையாது சார்" என்றார் ஃபிட்டர்.

"துளையா? பழைய வீட்டுல ஆன்டெனாவுக்கு ஒரு துளை போட்டுட்டு, மழைக்காலம் பூரா குடைக்குள்ள தூங்குனோம்யா! வேற வழி சொல்லும்."

"அப்போ ஸ்டாண்டு கால் மேல கான்கிரீட் கல்லை ஏத்தலாம். ஆனா கல்லையும் நகர்த்தக் கூடாது, சாய்வையும் மாத்தக் கூடாது."

"கல்லே போதும்!"

கல் ஏறியது. கூடவே பேனல்களின் நிழலும் விழுந்தது, மனைவியின் ரோஜாத் தொட்டிகள் மேல்.

"ஏங்க, என் செடிக்கு வெயில்?"

"நிழல்ல ரோஜா இன்னும் சிவக்கும்மா. வெட்கப்படும்ல!"

ரோஜா வெட்கப்படவில்லை, தலையைத் தொங்கப் போட்டது. மனைவிக்குப் பதிலாகச் சமையலறையில் பாத்திரங்கள் பேசின. தாங்க முடியாமல் மாஸ்டரே மாடியேறி, பேனல்களை நிமிர்த்தி வைத்தார். கொஞ்ச நாளில் செடிகள் தெளிந்தன. சாக்கு போர்த்திய மேடைமேல் உட்கார்ந்து பூத்துக் குலுங்கின. எல்லாம் தன் கைவண்ணம் என்று மாஸ்டர் மார்தட்டிக்கொண்டார்.

வெயில் புகுந்த இடத்தில் காற்றும் புகும் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் அது புகுந்தது. காய்கறிப் பையோடு தெருவில் வந்த மாஸ்டரின் தலைக்கு மேலேயே ஓரத்துப் பேனல் பறந்து போனது.

"யோவ் ஸ்டேஷன்! பறந்து வந்தது உடையாம இருக்குமா? உன் மாடியில இடமில்லேன்னு என் மெத்தையில கொண்டாந்து வச்சுட்டு, எனக்கே கதை விடுறியா?" என்று சீறினார் டெய்லர்.

"இப்படித்தான்யா வந்துச்சு, பாரு!" மாஸ்டர் வீட்டிலிருந்து எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வீசிக் காட்டினார். தட்டு டெய்லரின் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது.

"நீ வீட்டுலதானே இருந்தே, சொல்லேம்மா!" என்று வாசலுக்கு வந்த மனைவியைத் துணைக்கு அழைத்தார்.

"பேனல் எங்கயாவது பறக்குமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மனைவி உள்ளே போய்விட்டார்.

வாழ்நாளெல்லாம் எத்தனை பொய்யை அள்ளிவிட்டோம்! எல்லாவற்றுக்கும் கைதட்டியவர்கள், ஒரே ஒரு உண்மைக்குக் காது கொடுக்கவில்லையே. கேரம் பலகையில் தூசி படிந்தது. கடைசியில், துளைக்கே சம்மதித்து ஃபிட்டரை வரவழைத்தார். இனி எதுவும் பறக்காது என்று தெரிந்தாலாவது அந்த ஜன்னல் திறக்காதா?

"ஓரத்துக் கல்லுங்க எங்க சார்?" என்றார் ஃபிட்டர்.

"அதுவும் பறந்திருக்கும்" என்றார் மாஸ்டர், பழக்கதோஷத்தில்.

துளைபோடும் மெஷின் உறுமியது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நிறுத்துங்க!" மனைவி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். எதிர்மாடியில் மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்த டெய்லரைப் பார்த்துக் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். பிறகு தெருவே கேட்கக் கத்தினார்:

"அண்ணே, இந்த மனுஷன் ஆயுசுலயே ஒரு உண்மை சொன்னாருன்னா அது இதுதான். பேனல் பறந்துச்சு, நான் பார்த்தேன். அதை அமுக்கிட்டிருந்த கல்லை எல்லாம் உருவி, வெயில் படட்டும்னு என் ரோஜாவுக்கு மேடை போட்டவ நான்தான்!"