சாய்நாத் சமைத்த நாட்கள்

கடைசியாகத் தூரமானது என்றைக்கு என்று டாக்டர் நாகலக்ஷ்மி கேட்டது ரஞ்சனாவை. பதில் சொன்னது அவள் கணவன் சாய்நாத்.

"கார்த்திகை அன்னிக்கு, டாக்டர். நன்னா ஞாபகம் இருக்கு. பொரி உருண்டை நான்தான் பிடிச்சேன். உடைக்கச் சுத்தியல் தேவைப்பட்டுது."

அவனுக்கு மறக்குமா? மாதம் மூன்று நாள் ரஞ்சனா தூரமென்று விலகி உட்கார்ந்தால் செம்பூர் வீட்டில் அவன்தான் சமையல். அந்தக் குடும்பத்து ஆண்களின் வழக்கம் அது. அவனுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்ததே அப்பா வேங்கடசுப்ரமணியன்தான். இன்றைக்கும் அவர் மருமகளுக்காகத் தன் கையால் போட்ட காப்பியைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு மாட்டுங்காவிலிருந்து வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். கார்த்திகைக் கணக்குப்படி கொண்டைக்கடலை அளவு இருக்க வேண்டிய குழந்தை, ஐந்தாம் மாதத்தில் ஜோராகக் கைகாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

சாய்நாத் தன் ஞாபகப் பிசகால் முதல் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயந்து, அவசரமாக ஒரு பண்டிகை பின்னால் போனான்.

"தீபாவளிக்கும் தூரம், டாக்டர். லேகியத்தை நான்தான் தீய்ச்சேன்."

அதுவும் போதவில்லை. நவராத்திரிக்கு வாஷியிலிருந்து அத்தை குடும்பமே வந்து இறங்கியதையும், அன்றைக்குத் தான் கிண்டிய வேகாத சுண்டலையும் சொன்னான். ரஞ்சனா அவன் காலை ஓங்கி மிதித்தாள். வலியில் துடிக்கிறாள் என்று அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டான்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "குழந்தை வயத்துல இருக்கறச்சே மாசாமாசம் உதிரப்போக்கா? இப்பவே அட்மிட் பண்ணணும்."

நர்ஸ் சுஷ்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்ததும் ரஞ்சனா எழுந்து நின்றுவிட்டாள்.

"அதெல்லாம் நெஜமில்லை, டாக்டர். தெனம் லோக்கல் ட்ரெயின்ல நசுங்கி ஆபீஸ் போயிட்டு வந்து, பண்டிகைக்குப் பத்துப் பேருக்குச் சமைக்க முடியலை. அதான் தூரம்னு சொல்லிட்டேன். எனக்கு எப்பவுமே தள்ளித் தள்ளித்தான் வரும். அதனால நானும் கவனிக்கலை. நெஜமா ஆனது ஆவணி அவிட்டத்தன்னிக்கு."

சாய்நாத் திகைத்தான். "அன்னிக்கு நீதானே வடை தட்டினே?"

"நீங்க தட்டினா யார் திங்கறது?"

கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் குழந்தை சௌக்கியம் என்று டாக்டர் சொன்னதும் அவனுக்குக் கண்தான் கலங்கியது. டாக்டர் சிரித்தபடியே தேதியை மாற்றி எழுதினார். சக்கர நாற்காலி வந்த வழியே போயிற்று.

வேங்கடசுப்ரமணியன் மட்டும் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், எங்காத்து மாமிக்கு அறுபத்தி நாலு முடிஞ்சுடுத்து. இன்னிக்கு மூணாம் நாள்னுட்டு உக்காந்திருக்கா. அதான் இந்தக் காப்பியை நான் போட்டேன்."