மாமியார் கொடுத்த தலையணை

துறையில் நின்று இரண்டு கையையும் ஆட்டிய மாமியாரைப் பார்க்காதவன்போல் மூசாவு படகை ஓட்டினான்.

"யாரோ உன்னைக் கூப்பிடுறாங்களே?" என்றார் முன்பக்கம் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் வெர்லிண்டன்.

"கொக்கா இருக்கும், மொசியே," என்றான் மூசாவு, பிரெஞ்சு மரியாதையோடு.

"பூப்போட்ட பாவாடை கட்டின கொக்கா?"

அதற்குள் மாமியார் புவாங்கா அம்மாள் குரலை எடுத்துவிட்டாள். அந்தக் குரலுக்கு, காயலின் எதிர்க்கரையில் கிடந்த நீர்யானைகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஏ மாப்பிள்ளை! காது அடைச்சுப் போச்சா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

ஆப்பிரிக்காவின் காபோன் கடற்கரையில் கொக்குக்கும் மாமியாருக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று பெயர் எடுத்துவிட்டு ஒருவன் நிம்மதியாக வாழ முடியாது. மூசாவு படகைத் துறைக்குத் திருப்பினான்.

அவள் இடுப்பில் துணி சுற்றிய பெரிய மூட்டை ஒன்று இருந்தது. வாசனை மூக்கில் ஏறியதுமே மூசாவு படகை ஒரு முழம் பின்னால் தள்ளினான். வாழைப்பழம்! அதுவும் நன்றாகப் பழுத்த முழுக்குலை!

உலகத்தில் வேறு எதை வேண்டுமானாலும் அந்தப் படகில் ஏற்றலாம். முதலைக்குட்டியை ஏற்றினால்கூட வெர்லிண்டன் புகைப்படம் எடுத்துக்கொள்வார். வாழைப்பழம் மட்டும் ஆகாது. கடலில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அது ஒரு சாபம். படகில் வாழைப்பழம் இருந்தால் மீன் கிட்டேயே வராதாம். பெல்ஜியத்தில் பல் வைத்தியம் பார்க்கும் மனிதர், நாலெழுத்துப் படித்தவர், இதை மட்டும் வேதவாக்காக நம்பினார். முதல் நாள் மூசாவு காலையில் அவித்த வாழைக்காய் சாப்பிட்டான் என்று தெரிந்து, அவனைத் திருப்பி அனுப்பிப் பல் தேய்த்துவிட்டு வரச் சொன்னவர். தேய்த்ததைச் சோதித்தும் பார்த்தார்.

ஆளுயரத் தார்ப்பன் மீன் ஒன்றைப் பிடிக்க அவர் மூன்றாவது வருஷமாக வருகிறார். "அதைப் பிடிச்ச அன்னிக்கே தூண்டிலைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்" என்று சபதம் வேறு. இதுவரை ஒன்றும் மாட்டவில்லை. விடுதி முதலாளியம்மா இகோவா நேற்றே சொல்லிவிட்டாள்: "நாளைக்குக் கடைசி நாள். இந்தத் தடவையும் அவர் வெறுங்கையோட போனா, நீ ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போயிடு. அங்கே இருக்கிற ஃபிர்மன் படகை ஓட்டட்டும்."

படகு என்றால் மூசாவுக்கு உயிர். ஜெனரேட்டர் என்றால் புகையும் இரைச்சலும். ஃபிர்மன் என்றால் பற்றிக்கொண்டு வரும்.

"அத்தை, சாயங்காலம் திரும்பி வர்றப்ப வாங்கிக்கிறேனே," என்று தங்கள் ஊர்ப் பேச்சில் கெஞ்சினான்.

"அதுவரைக்கும் இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கணுமா நான்? மாசமா இருக்கிற மகளுக்குத் தாய் கொடுத்து விடுறது. தரையில வைக்கக் கூடாது, திருப்பி அனுப்பக் கூடாது, புருஷன்காரன் தன் கையால கொண்டுபோய்க் கொடுக்கணும். எந்த ஊர்ல பொறந்தே நீ?"

"இந்த மனுஷருக்கு வாழைப்பழம் ஆகாது அத்தை."

"அவரை யாரு திங்கச் சொன்னா? ஆமா, மீனைப் பிடிச்சுத் திரும்பத் தண்ணியிலேயே விடுறதுக்குக் கப்பலேறி வர்றவரு இவருதானே?"

"பிடிச்சாத்தானே அத்தை விடுறதுக்கு!"

மூட்டை கைமாறியது. வெர்லிண்டன் தூண்டில் முள்ளிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்ன அது?"

"தலையணை, மொசியே," என்றான் மூசாவு, வாயில் வந்ததை. "என் பொண்டாட்டிக்கு மாமியார் தெச்சது."

"ரொம்பப் பெரிசா இருக்கே."

"மாமியாருக்குப் பாசம் ஜாஸ்தி."

வெர்லிண்டன் பெருமையோடு தன் அடியில் இருந்த நீல மெத்தையைத் தட்டினார். அது அவருடைய ராசி மெத்தை. அவர் மனைவி தன் கையாலேயே தைத்தது. வருஷா வருஷம் பிரித்துப் புதிதாகத் திணித்துத் தைத்துத் தருவாள். அந்த மதாம் படகுப் பக்கமே வரமாட்டாள். விடுதி முற்றத்தில் உட்கார்ந்து யானைகளைப் பார்ப்பாள், சமையற்காரியோடு பேசிச் சிரித்துப் பனங்கொட்டைக் குழம்பு வைக்கக் கற்றுக்கொள்வாள். காலையில் மெத்தையை மட்டும் மறக்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

வெயில் ஏறியது. குலை தன் வேலையைக் காட்டியது.

"மூசாவு, ஏதோ இனிப்பா வாசனை வருதே?"

"என் தலை எண்ணெய், மொசியே."

"வாழைப்பழ வாசனை மாதிரியே இருக்கு! மீனுக்குத் தெரிஞ்சா போச்சு. கழுவு, உடனே கழுவு!"

மூசாவு வாளி வாளியாக உப்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். கண் எரிந்தது. வாசனை போகவில்லை. வெர்லிண்டன் கொடுத்த சோப்பைப் போட்டும் தேய்த்தான். அப்புறமும் போகவில்லை. "நாளைக்கு மொட்டை அடிச்சுடறேன் மொசியே," என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அவர் விட்டார்.

காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மணல்திட்டில் படகை நிறுத்தினார்கள். வெர்லிண்டன் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூண்டிலை வீசினார். அப்போதுதான் புதருக்குள்ளிருந்து ஒரு யானை வெளியே வந்தது. தும்பிக்கையை நீட்டி மோந்து, நேராகப் படகை நோக்கி நடந்தது.

"போச்சுடா!" மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மூசாவு இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினான். யானை தின்றுவிட்டது என்று சொன்னால் மாமியார் நம்பவா போகிறாள்?

"உயிரைவிடத் தலையணையா பெரிசு?" என்று கத்தினார் வெர்லிண்டன்.

"எங்க மாமியாரை உங்களுக்குத் தெரியாது மொசியே!"

ஆச்சரியம், யானை அவன் பக்கம் திரும்பவேயில்லை. படகுக்குள் தும்பிக்கையை விட்டது, நீல மெத்தையைத் தூக்கியது, கல்யாண வீட்டில் பலகாரம் எடுத்த பிள்ளைபோல் காட்டுக்குள் ஓடிவிட்டது.

வெர்லிண்டன் மணலில் உட்கார்ந்துவிட்டார். "என் ராசியே போச்சு! வெறும் பலகையில உட்கார்ந்து நான் மீன் பிடிச்சதே இல்ல."

'மெத்தையில உட்கார்ந்து மட்டும் பிடிச்சீங்களாக்கும்' என்று நாக்கு நுனிவரை வந்தது. மூசாவு விழுங்கிக்கொண்டான்.

வெர்லிண்டன் தூண்டிலை வீச, படகு மறுபடி நகர்ந்தது. பலகையில் நெளிந்துகொண்டிருந்த வெர்லிண்டனின் பார்வை மெல்ல மூட்டைமேல் போய் நின்றது.

"அந்தத் தலையணையைக் கொடு."

"அது மாசமா இருக்கிறவளுக்கு..."

"உட்கார்ந்துட்டுத் தந்துடறேன். கடிச்சா தின்னப் போறேன்?"

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூசாவு கண்ணை இறுக மூடிக்கொண்டு கொடுத்தான். வெர்லிண்டன் தன் முழு எடையோடு உட்கார்ந்தார். அடியில் ஏதோ 'பொதக்' என்றது.

"மெத்துனுதான் இருக்கு. ஆனா ஈரமா இருக்கே?"

"மாமியார் கண்ணீர், மொசியே. மகளை நெனச்சு அழுதுக்கிட்டே தெச்சாங்க."

"பாவம், ரொம்ப அழுதிருக்காங்க," என்றார் அவர், நெகிழ்ந்துபோய்.

அந்த நிமிஷம் தூண்டில் வில்லாக வளைந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, வெயிலில் வெள்ளியாய் மின்னி, ஆளுயரத் தார்ப்பன் ஒன்று வானத்தில் எழும்பி விழுந்தது!

"விடாதீங்க மொசியே! குனிங்க! நிமிருங்க! சுத்துங்க!"

வெர்லிண்டன் குனிந்தார், நிமிர்ந்தார், எழுந்தார், தொப்பென்று உட்கார்ந்தார். ஒவ்வொரு உட்காரலுக்கும் ஒரு சீப்பு கூழானது. மூசாவுக்கு ஒரு கண் மீன்மேல், ஒரு கண் மூட்டைமேல். மீன் ஓடியது, வந்தது, மறுபடி ஓடியது. கடைசியில் களைத்துப்போய்ப் படகோரம் வந்து சாய்ந்தது. வெர்லிண்டன் அதன் தலையைத் தடவி, முத்தம் கொடுத்து, ஓவென்று அழுது, தண்ணீரிலேயே விட்டார்.

பிறகு தன் காற்சட்டையின் பின்பக்கத்தைத் தொட்டார். விரல் மஞ்சளாக வந்தது. மூட்டை பிரிந்து கிடந்தது. உள்ளேயிருந்து நசுங்காத ஒரே ஒரு பழம் எட்டிப் பார்த்தது.



"மூசாவு. இது என்ன?"

"வாழைப்பழம், மொசியே." ஜெனரேட்டர் இரைச்சல் அவன் காதில் இப்போதே கேட்டது.

வெர்லிண்டன் பழத்தைப் பார்த்தார். மீன் போன திசையைப் பார்த்தார். மறுபடி பழத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மூசாவு பயந்தான். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அந்தப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டார்.

"எங்க ஊர்க்காரங்க யாருக்கும் இது தெரியக் கூடாது. என் மானமே போயிடும்."

"எங்க மாமியாருக்கும் தெரியக் கூடாது மொசியே!"

மூசாவு கூழைத் தரையில் வைக்காமல் தன் கையாலேயே கொண்டுபோய் மனைவி ஜிஸ்லேன் கையில் கொடுத்தான். அவள் ஒரு விரலால் தொட்டு நக்கினாள். "அம்மாவுக்குத்தான் என்ன அக்கறை! பிசைஞ்சே அனுப்பிட்டாங்க!" என்று சப்புக்கொட்டினாள். அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

விடுதி முற்றத்தில் ஒரே கொண்டாட்டம். இகோவா அம்மாள் எல்லார் முன்னாலும் படகுச் சாவியை மூசாவு கையில் வைத்து அழுத்தினாள். ஃபிர்மன் முகம் கறுத்தது. அது மீனைவிட இனிப்பாக இருந்தது.

மதாம் மட்டும் செய்தி கேட்டதிலிருந்து சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வெர்லிண்டன் கோப்பையைத் தூக்கி, "தூண்டிலைப் பரண்ல போடறதாவது! அடுத்த வருஷம் இதைவிடப் பெரிசு! மூசாவு, உன் மாமியார்கிட்ட இன்னொரு தலையணைக்குச் சொல்லி வெச்சுடு!" என்று முழங்கியதும்தான் அவள் முகம் மலர்ந்தது. அவள் மூசாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த மெத்தை என்னாச்சு?"

"யானை தூக்கிட்டுப் போயிடுச்சு, மதாம். மன்னிக்கணும்."

மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தூக்காம என்ன செய்யும்? மீன் கிடைச்சுட்டா மறுபடி இங்கே வரமாட்டாரேன்னு, மூணு வருஷமா அதுக்குள்ள காய்ஞ்ச வாழைப்பழத்தைத் திணிச்சுத் தெச்சு அனுப்பினதே நான்தானே!"