எனக்கு எந்த உறுப்பிலும் கோளாறு இல்லை

லிமா, மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய மூத்த சகோதரி ஃபெலிசிதாஸ் அவர்கள் சமுகத்திற்கு,

நீதிமன்ற வாசலில் முப்பத்தோரு வருடங்களாக மனு எழுதிப் பிழைத்துவரும் உன் தம்பி தியோடோமிரோ, வயது ஐம்பத்தெட்டு, முழு சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் தட்டச்சு செய்துகொள்வது என்னவென்றால், நான் நலம். என் மனைவி நெமேசியாவும் நலம். சாந்தியாகோவில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவரும், அவருடைய நாயும் நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

"எந்த உறுப்புன்னு மட்டும் சொல்லுடா" என்று நீ பதினோரு குரல்செய்தி அனுப்பிவிட்டாய். தொலைபேசியில் பதில் சொன்னால் குறுக்கே அழுவாய். அதனால்தான் கடிதம். சாந்தியாகோ பேருந்து ஓட்டும் நம் கில்பெர்த்தோ செவ்வாய்க்கிழமை கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அக்கா, எனக்கு எந்த உறுப்பிலும் கோளாறு இல்லை. நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன். மயக்கம் வந்தால் உட்கார்ந்துகொண்டு மேலே படி.

போன வருடம் நான் எழுதிய மனு ஒன்றில் ஒரு வக்கீல் பையன் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அறுநூறு சோல் வாங்கினான். எனக்குப் பதினைந்து. அந்த வழக்கு ஜெயித்தது. அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று புழுங்க ஆரம்பித்தது. வேலை பார்ப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும் மாலை வகுப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினேன், தேறியும் விட்டேன். பணம்தான் இல்லை. வங்கிக்குப் போனேன். அங்கிருந்த பெண் கல்விக்கடன் படிவத்தைத் தந்து, ஜாமீனுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றாள். அப்பா காலமாகி இருபத்தாறு வருடம் ஆயிற்று என்றேன். அப்படியானால் அம்மா போதும் என்றாள். பிறகு என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கடன் முடியும்போது எனக்கு எழுபத்திரண்டு வயது என்று கணக்குப் போட்டுச் சொல்லி, ஒரு மிட்டாய் கொடுத்து அனுப்பினாள். அரசாங்க உதவித்தொகை இருபத்திரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்காம். அந்த வயதில் நான் செங்கல் சுமந்துகொண்டிருந்தேன், இப்படி ஒரு தொகை இருப்பதாக யாரும் வந்து சொல்லவில்லை.

நெமேசியாதான் பொயாதா போடலாம் என்றாள். நம் தெருவில் யாருக்குப் பணமுடை வந்தாலும் அதுதானே வழி: அட்டை அடித்து முன்கூட்டியே விற்று, அந்த ஞாயிற்றுக்கிழமை கோழி வறுத்துப் போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, மிச்சத்தை எண்ணி எடுத்துக்கொள்வது. நாமும் இத்தனை வருடத்தில் ஊரார் அட்டை எத்தனை வாங்கியிருப்போம், எத்தனை பித்தப்பைகளுக்காக, எத்தனை ஒடிந்த கால்களுக்காகத் தின்றிருப்போம். ஆனால் அட்டையில் காரணம் எழுத வேண்டுமே. "தியோடோமிரோவின் படிப்புக்காக" என்று எழுதினால் தெருவே சிரிக்காதா? வாழ்நாள் முழுக்க அடுத்தவர் காரணங்களைத் தயங்காமல் எழுதிய கை, சொந்தக் காரணத்தை எழுதக் கூசியது. கடைசியில் "தியோடோமிரோவின் அவசரத் தேவைக்காக" என்று அடித்தேன். நான் பொய் எழுதவில்லை, அதை நீ கவனிக்க வேண்டும்.

ஐம்பத்தெட்டு வயது ஆணுக்கு வேறென்ன அவசரத் தேவை இருக்க முடியும்? திங்கட்கிழமை எனக்குச் சிறுநீரகம் என்றார்கள். புதன்கிழமை வாயால் சொல்லக்கூடாத இடம் என்றார்கள். வெள்ளிக்கிழமை இதயத்துக்கு வந்துவிட்டது. வழக்கமாக நூறு அட்டை விற்றாலே பெரிய விஷயம்; எனக்கு இருநூற்று அறுபது போயிற்று. என்னோடு நான்கு வருடமாகப் பேசாத ரொட்டிக்கடைக்காரர் ஐந்து அட்டை வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்து, உயிரோடு இருக்கும்போதே சமாதானமாகிவிடலாம் என்றார். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் யாரும் என்னிடம் நேராக என்ன நோய் என்று கேட்கவில்லையே, மரியாதைக்காகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லும் வழக்கமும் இல்லை. மேட்டுப் படிக்கட்டில் ஏறும்போது கொஞ்சம் மெதுவாக ஏறினேன். அது ஒன்றுதான் நான் செய்த நடிப்பு.

அந்தச் சமயத்தில்தான், இந்தப் பேச்சு உன் காதுக்கும் எட்டி, உன் பணம் வந்தது. உன் பல் கட்ட வைத்திருந்த பணம் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கட்டணம் கட்டக் கடைசி நாள், அட்டை விற்ற காசில் கோழிக்கும் பீருக்கும் முன்பணம் போய்விட்டது, உன் பணம் இல்லாவிட்டால் இடம் போயிருக்கும். எடுத்துக் கட்டிவிட்டேன். ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்று அழுதேன் அக்கா. சந்தோஷமா வெட்கமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று விருந்து. இருநூற்று அறுபது பேருக்குக் கோழி, மிளகாய் விழுதில் ஊறி அடுப்பில் சீறுகிறது. எனக்கு மட்டும் உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கு. இதயக்காரனாம். பீரைத் தொட்டேன், நான்கு கைகள் வந்து பிடுங்கின. நடனமாட எழுந்தேன், உட்கார வைத்துப் போர்வை போர்த்தினார்கள், மார்ச் மாத வெயிலில். போதாக்குறைக்கு, எதிர்வீட்டு சொய்லா அம்மா பாட்டை நிறுத்தச் சொல்லி, தொப்பியைக் கையில் ஏந்தி, தியோவின் அறுவை சிகிச்சைக்கு மேற்கொண்டு ஏதாவது போடுங்கள் என்று சுற்றிவந்தாள். துணிக்காரி தன் ஒரு நாள் வருமானத்தைப் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போர்வையோடு எழுந்து நின்றேன். "எனக்கு நோய் ஒண்ணும் இல்லை. வக்கீலுக்குப் படிக்கப் போறேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க" என்றேன்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன், நியாயமும் அதுதான். சொய்லா அம்மா தொப்பியைக் கீழே வைத்தாள்.

"அட மடையா, முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. சாகப் போறவன்னு நெனச்சு நாலு அட்டையோட நிறுத்திக்கிட்டேன். வக்கீல்னு தெரிஞ்சிருந்தா பத்து வாங்கியிருப்பேன்."

அதன் பிறகு, வாங்கிய அட்டைக்கு ஈடாக ஆளுக்கொரு வழக்கோடு தெருவே வரிசையில் வந்து நின்றது. மேட்டு மனைகளுக்குப் பட்டா வாங்க வேண்டும், அது எண்பது வீட்டுக்காரர்களின் அட்டைக்கு ஈடு. துணிக்காரிக்கு விவாகரத்து. ரொட்டிக்கடைக்காரருக்குத் தம்பி மேல் வழக்கு. என்னோடு பண்ணின சமாதானத்தையும் அந்த வழக்கு முடியும்வரைதான் நீட்டிப்பாராம். படிப்பு முடிய ஆறு வருடம் பொறுக்க வேண்டுமே என்றேன். பட்டாவுக்கு இருபது வருடம் காத்திருக்கிறோம், இன்னும் ஆறில் என்ன என்றார்கள். நெமேசியா என் தட்டில் இரண்டு கால் துண்டுகளை வைத்துவிட்டு, "இதை அன்னைக்கே அட்டையில அடிச்சிருந்தா நான் ஒரு வாரமா உனக்கு உப்பில்லாம சமைச்சிருக்க வேண்டாம். பார்க்கிறவங்க சந்தேகப்படுவாங்கன்னு நானும் அதையே தின்னேன்" என்றாள்.

ஆகையால் அக்கா, இந்த வெட்கத்தை இன்றோடு விட்டொழித்தேன். என் வயதையும் என் படிப்பையும் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், உரக்கச் சொல்வேன். நாளை மாலை முதல் வகுப்பு. உன் பணத்தை இந்த வருடத்துக்குள் திருப்பித் தருகிறேன். அதுவரை வலிக்கிற பக்கம் மெல்லாதே. ஒரு பொய்யை நம்பிப் பணம் அனுப்பிய நீ, உண்மை தெரிந்த பிறகும் என்னைத் தம்பியாக ஏற்பாய் என்று தாழ்மையுடன் கோருகிறேன். பெரியவரின் நாய்க்கும் என் வணக்கம்.

இப்படிக்கு, நீதியை நாடும்,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி
தியோடோமிரோ

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. கில்பெர்த்தோ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். நேற்று கோட்டும் டையும் மாட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். எழுந்து நிற்பவர்களிடம் என்ன சொல்வது, "உட்காருங்கள்" என்றேன். ஒரு பெண், "வருகை எடுக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள். முப்பத்தோரு வருடமாக வக்கீல்களை, நம் ஊர் மரியாதைப்படி, டாக்டர், டாக்டர் என்று நான்தான் கூப்பிட்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டதில்லை. வருகை எடுத்தேன். அப்புறம், மனு எழுதுவது எப்படி என்று நாற்பது நிமிடம் பேசினேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். உண்மையான ஆசிரியை தாமதமாக வந்தாள், முப்பது வயது இருக்கும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளும் எழுதிக்கொண்டாள். முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "நான் இங்க புதுசு டாக்டர். அடுத்த வகுப்பு நான் எடுக்கிறதா, நீங்களா?" என்றாள். "நீங்களே எடுங்கம்மா, நான் பின்னால உட்கார்ந்து கவனிக்கிறேன்" என்றேன். பாவம், முகம் வெளுத்துவிட்டது. மேலிடத்திலிருந்து அவளைச் சோதிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டாள் போல. ஆறு வருடம் இப்படியே ஓட்டிவிட முடியுமா, அக்கா?