மனசுக்குள் பேசி முடித்தவன்

“உன் தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டியா?” என்று போடில் கேட்டாள். காலைக் காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டாள். பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

“கேட்டாச்சே,” என்றான் அவள் கணவன் ஐவின்.

“எப்போ?”

“செவ்வாய்க்கிழமை.”

“என்ன சொன்னான்?”

“முதல்ல ஒண்ணும் சொல்லல. அப்புறம் அழுதுட்டான், பாவம்.”

“போன்லயா?”

“இல்ல, சைக்கிள்ல.”

“ஓல்போர்க்ல இருந்து அவ்வளவு தூரம் சைக்கிள்லயா வந்தான்?”

“அவன் எங்க வந்தான்? நான்தான் வேலைக்குப் போயிட்டிருந்தேன்.”

போடில் காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஐவின் ரொட்டியின் மேல் சீஸை அடுக்கியபடி தம்பியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டான். இவ்வளவு மனம் திறந்து பேசியிருக்கிறோம், ஒரு மரியாதைக்காவது பதில் வந்ததா?

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பகற்கனவு காண்பவர் என்று இவரைச் சொல்லிவிட்டால் போதாது. கனவு காண்பவருக்கு விழிப்பு என்று ஒன்று உண்டு. விழித்ததும் கொஞ்சம் ஏமாற்றமும் உண்டு. இவருக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. இவர் ஒரு காரியத்தை உள்ளே நடத்தி, உள்ளேயே முடித்து, உள்ளேயே பாராட்டும் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து ஓய்வெடுப்பார்.

தோட்டத்து வேலிக்கு வர்ணம் பூச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பச்சை, எந்தத் தூரிகை, எந்த மூலையிலிருந்து தொடங்குவது என்று தீர்மானித்து, முதல் பூச்சு காயக் காத்திருந்து, இரண்டாம் பூச்சும் அடித்து, எதிர்வீட்டுக்காரர் நின்று பார்த்து வியந்ததற்குத் தன்னடக்கமாகத் தலையசைத்து, இவ்வளவையும் சோபாவில் சாய்ந்தபடி செய்து முடித்த பிறகு, உரிந்த வேலியின் ஓரமாகத் திருப்தியோடு நடந்துபோவார். வேலி உரிந்திருப்பது அவர் கண்ணில் படாது. பட்டால் கோபம் வரும். போன வாரம்தானே அடித்தோம்?

“நான்தான் சொன்னேனே” என்பது இவருடைய தாரக மந்திரம். சொல்லியிருக்க மாட்டார். மந்திரத்தின் இரண்டாம் வரி இன்னும் ஆபத்தானது: “ஆனாலும் நீ அப்படிச் சொல்லியிருக்க வேணாம்.” மனைவி சொல்லியிருக்க மாட்டாள். அவர் தலைக்குள் இருக்கும் மனைவி எதையோ சொல்லிவிட்டாள். அதற்கு வெளியே இருப்பவள் இரவுச் சாப்பாடு வரை பதில் சொல்ல வேண்டும்.

ஐவினுக்கு வேலையும் வாகாக அமைந்துவிட்டது. நீரிணைக்குக் குறுக்கே இருக்கும் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்குபவன் அவன். பாய்மரப் படகு ஒன்று வரும்; பாலம் ஏறும்; படகு போய் அடுத்த வளைவில் மறைந்தும்விடும்; பாலம் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். கார்கள் வரிசையாகக் காத்திருக்கும். அந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. “ஐவின் உள்ள போயிருக்கான்” என்று எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரிப்பார்கள்.

கதைகளில் வரும் கனவுக்காரர்களை எல்லோருக்கும் பிடிக்கிறது. நூலகத்து வாசகர் வட்டத்தில் அப்படியொரு நாயகனைப் படித்துவிட்டுப் பெண்கள் எல்லோரும் உருகினார்கள். என்ன கற்பனை, என்ன மனசு! போடில் மட்டும் சும்மா இருந்தாள். கேட்டபோது சொன்னாள்: கதைநாயகனுடைய கனவை எழுதியவர் பக்கம் பக்கமாக நமக்குக் காட்டிவிடுகிறார், அதனால்தான் பிடிக்கிறது, அவன் மனைவிக்கு அந்தப் பக்கங்கள் கிடைப்பதில்லை, அவள் பார்ப்பதெல்லாம் பாதி கழுவிய தட்டோடு நிற்கும் ஒரு மனிதனைத்தான். பிறகு யாரோ கேக்கை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஐவின் அவளிடம் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டதே இல்லை. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், “சர்ச் எதுன்னு முடிவு பண்ணிட்டியா?” என்றான். இவ்வளவு துணிச்சலான ஆளா என்று அவள் மயங்கிப்போனாள். கேள்வி எப்போதோ உள்ளே கேட்கப்பட்டு, கண்ணீரோடு சம்மதமும் பெறப்பட்டுவிட்டது என்பது அவளுக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆயிற்று.

ஆகவே வெள்ளிவிழா நெருங்கியபோது போடிலுக்கு ஒரே ஓர் ஆசைதான். அந்த ஊர்ப் பக்கம் கல்யாண வெள்ளிவிழா விருந்தில் கணவன் எழுந்து மனைவியைப் பற்றிப் பேச வேண்டும். தப்ப வழியில்லை. இருபத்தைந்து வருஷம் அவன் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்பதை ஒரு தடவை, காதால், எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம். நகை வேண்டாம், பயணம் வேண்டாம் என்றாள். “பேசு, போதும்.”

“அதெல்லாம் தயார்,” என்றான். அவன் அதைச் சொன்ன திருப்தியைப் பார்த்தே அவள் பயந்திருக்க வேண்டும்.

விழாவன்று விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் ஊசியிலைக் கிளைகளால் வாசலில் வளைவு கட்டி, ஊதுகொம்போடு நின்று பாடினார்கள். தம்பதியர் தூக்கக் கலக்கத்தோடு வந்து திகைத்து நிற்க வேண்டும் என்பது முறை. போடில் முறையாகத் திகைத்தாள். ஐவினால் முடியவில்லை, அவன் முந்தின நாளே திகைத்து முடித்திருந்தான்.

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் விருந்து. யார் பின்னால் யார் பேசுவது என்பதைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டு ஹெல்யே. கத்தியால் கிளாஸைத் தட்டி ஐவினை அழைத்தார். ஐவின் எழுந்தான். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

அவன் போடிலைப் பார்த்தான். முகம் கனிந்தது. ஓரிடத்தில் புருவம் உயர்ந்தது. ஓரிடத்தில் லேசாகச் சிரித்து, மற்றவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று இடம் விட்டான்; பின்வரிசையில் ஒருவர் மரியாதைக்காகச் சிரித்தும் வைத்தார். பிறகு உதடு நடுங்கியது. கண் நிறைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கிளாஸை உயர்த்தி, “போடிலுக்கு” என்றான். உட்கார்ந்தான்.

கிளாஸ் உயர்ந்துவிட்டால் அங்கே எல்லோரும் எழுந்தாக வேண்டும். எழுந்து, அந்த ஊர் வழக்கப்படி ஒன்பது தடவை ‘ஹுரா’ என்று வாழ்த்துக் கூவினார்கள். போடிலும் சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்தாள்.

“நல்ல சுருக்கம்,” என்றார் ஹெல்யே, உட்கார்ந்தவன் தோளைத் தட்டி.

“கால் மணி நேரம் ஆச்சே,” என்றான் ஐவின்.

மறுநாள் காலை, மிச்ச ரொட்டிகளை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கேட்டான்: “நீ எந்த இடத்துல அழ ஆரம்பிச்ச?”

“நீ உட்கார்ந்தப்போ.”

“அவ்வளவு லேட்டாவா?”

“நீ ஒரு வார்த்தைகூடப் பேசல, ஐவின்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான்.

“அந்த மழை விஷயம்?”

“எந்த மழை?”

“எங்கம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ, ராத்திரி முழுக்க அந்த மழையில நீ…”

“இல்ல.”

“அதையும் சொல்லலையா?”

“இல்ல.”

ஐவின் ரொட்டியைத் தட்டில் வைத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. தன் வீட்டில் ஏதோ திருடு போயிருப்பதைத் திருடனே கண்டுபிடித்தது போல இருந்தான்.

“சரி. இப்ப சொல்லு,” என்றாள் போடில். “நான் இங்கதான் இருக்கேன்.”

நீங்கள் தலையாட்டுகிறீர்கள், வாசகரே. எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும் என்கிறீர்கள். நல்லது. ஆனால் வேலி வர்ணம் வந்த இடத்தில் நீங்கள் கொஞ்ச நேரம் இங்கே இல்லை. உங்கள் மச்சினருக்குப் போன பொங்கலன்றே கொடுத்திருக்க வேண்டிய பதிலைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அற்புதமான பதில். அவர் வாயடைத்துப் போனார். அது அவருக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவேண்டிய நல்ல வார்த்தையையும் சொல்லிவிட்டதாகத்தான் உங்களுக்கு ஞாபகம். எதற்கும் அவரிடம் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஐவின் எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். போடிலின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். உள்ளே இருப்பவள் எப்போதும் சரியான இடத்தில் தலையாட்டுவாள். இவள் வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“போடில்,” என்றான் மெதுவாக. “கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்றியா?”